இல்லாத ஹெட்செற்றின் இருப்பு: புத்தூர்க் கைத்தொலைபேசிகளின் திரிபுக் காட்சி பற்றிய ஓர் ஆய்வு

பாயிரம்

வலிகாமம் கிழக்கில், யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியில், சிறுப்பிட்டிக்கும் ஆவரங்காலுக்கும் நடுவே கிடப்பது புத்தூர். செம்மண் தோட்டம், வெங்காயம், புகையிலை, மெதடிஸ்த மிஷனின் சென் லூக்ஸ் வைத்தியசாலை, ஸ்ரீ சோமாஸ்கந்தக் கல்லூரி, நிலாவரைக் கிணறு என்று இவ்வூருக்குப் பெருமைகள் பல. அவை பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். இவ்வூர் வீடுகளுக்குள் வேர்விட்டுவிட்ட ஒலியியற் சிக்கல் ஒன்று மட்டும் இன்னும் அறிஞர் கண்ணிற் படவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

சிக்கல் இதுதான். கைத்தொலைபேசியில் ஹெட்செற் கொளுவும் குழி வெறுமையாக இருக்கிறது. ஆனால் திரையின் மேல் விளிம்பில் ஹெட்செற் அடையாளம் நிற்கிறது. அழைப்பு வந்தால் மணி அடிக்கும். எடுத்தால் சத்தம் வராது. பாட்டு ஓடும், காதுக்கு எட்டாது. இல்லாத ஒருவரின் காதுக்குள் அந்தப் ஃபோன் பயபக்தியோடு ஓதிக்கொண்டிருக்கிறது.

ஆய்வு முறைக்கு யாம் அயலூரைத் தாண்டிப் போகவில்லை. 1832இல் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்து ஓரம் உதிர்ந்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பு நோக்கி வீரசோழியம், கலித்தொகை முதலானவற்றை அச்சேற்றினார். பலர் பலவிதமாகச் சொல்வதைக் கேட்டுத் தொகுப்பது பதிப்பின் முதற்படி. ஏட்டைத் தம் கண்ணாற் பார்ப்பது அதனினும் முந்திய படி. இம்முறையே இங்கும் கைக்கொள்ளப்பட்டது.

அறிவைப் பெறும் வழிகளுக்கு அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் ஆதாரம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசரே உரை கண்ட நூல் என்பதால் பிரதேச உரிமையும் நமக்கு உண்டு. காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு, ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என்று அளவைகளைப் பத்துவரை எண்ணிக்காட்டும் அந்நூல், எல்லாம் முதல் மூன்றுக்குள் அடங்கும் என்று முடிக்கிறது. புத்தூர் வீடொன்றில் ஃபோன் பழுதானால் அந்தப் பத்திற் பெரும்பாலானவை ஒரே பின்னேரத்தில் அரங்கேறிவிடுகின்றன. மற்ற எல்லாம் வந்த பிறகும் வராமல் நிற்பது முதலாவதாக எண்ணப்பட்ட காண்டல் மட்டுமே. இக்கட்டுரை நிறுவ வந்த முடிபும் அதுவே.

நோய்க்குறியும் வகைப்பாடும்

நோய் இருவகைப்படும்: ஒருவழிச் செவிடு, இருவழிச் செவிடு.

ஒருவழிச் செவிட்டில், நாம் கதைப்பது மறுமுனைக்குக் கேட்கும். அவர்கள் கதைப்பது நமக்குக் கேட்காது. மைக் இல்லாத ஹெட்ஃபோன் கொளுவியிருப்பதாக நினைத்துக்கொண்ட ஃபோன், கேட்கும் வேலையை மாயக் காதுகளிடம் ஒப்படைத்துவிட்டு, பேசும் வேலைக்குத் தன் மைக்கையே வைத்துக்கொள்கிறது. இருவழிச் செவிட்டிலோ மைக் உள்ள ஹெட்செற் இருப்பதாக முடிவாகிவிடும். இல்லாத வாயும் இல்லாத காதும் தமக்குள் பேசிக்கொள்ள, இரு கரையிலும் அமைதி. அன்ட்ரொயிட் ஃபோன் பலவற்றில் மேல் விளிம்பு அடையாளத்தைப் பார்த்தே வகையைப் பிரித்தறியலாம்: வெறும் ஹெட்ஃபோன் படமா, மைக் தொங்கும் படமா என்பதே வேறுபாடு.

துணைக்குறிகளும் உண்டு. மடியிற் கிடக்கும் ஃபோனில் குரல் உதவியாளர் தானாக எழுந்து என்ன வேண்டும் என்று கேட்கும். ஒலி தானாகக் கூடும், குறையும். யாரும் தொடாமலே அழைப்பு துண்டிக்கப்படும். இவற்றுள் யாம் மிக வியந்தது எஃப்.எம். வானொலிச் செயலியை. ஹெட்செற்றின் வயரையே ஏரியலாகக் கொள்வதால், ஹெட்செற் கொளுவாவிட்டால் பாட மறுக்கும் இயல்பு அதற்கு உண்டு. நோயுற்ற ஃபோனிலோ அது மறுப்பின்றித் திறந்து, ஏரியல் இல்லாமல், வெறும் இரைச்சலை இல்லாத காதுகளுக்கு ஒலிபரப்புகிறது.

சமூகவியற் பக்கம்

இந்நோய் கண்ட வீடுகளிற் பெரும்பாலானவை மருத்துவம் தேடுவதில்லை. ஸ்பீக்கரை அமத்தப் பழகிவிடுகின்றன. அழைப்பின் நடுவே ஸ்பீக்கர் பொத்தானை அமத்தினால் ஃபோன் தன் கொள்கையைக் கைவிடாமலே உரத்துப் பேசச் சம்மதிக்கும். விளைவு பாரதூரமானது.

ரொறொன்ரோவுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்திற் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். ஸ்காபுறோவில் வேலை முடிந்து சாப்பிட்டு மகள் அழைக்கும்போது இங்கே விடிகிற நேரம். பூவரசங் கதியால் வேலிக்கு அப்பால் ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஒருவர் வந்து நிற்கவும் அதுவே தோதான நேரம்.

“ஹலோ... ஹலோ... கதை பிள்ளை, ஒண்டும் கேக்கேல்லை.”

முதலில் இது. மகள் அழைப்பைத் துண்டித்து, எப்படித் திருத்துவது என்று வட்ஸ்அப்பில் விரிவாக ஒரு குரற்செய்தி அனுப்புவாள். அக்குரற்செய்தியும் மாயக் காதுகளுக்கே போய்ச் சேரும். பின்னர் அடுத்த அழைப்பில் ஸ்பீக்கர் அமத்தப்படும்.

“அம்மா, காசு போட்டிருக்கு. அண்ணைக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

விறாந்தையில் அண்ணை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். வேலிக்கு அப்பால் குழை ஒடிகிற சத்தம் நின்றுவிடும்.

1707இல் ஒல்லாந்தர் காலத்திற் தொகுக்கப்பட்ட தேசவழமை, காணி விற்கும்போது உரித்தாளருக்கும் பங்காளருக்கும் ஒற்றி பிடித்த அயற்காணிக்காரருக்கும் முன்கொள்வனவு உரிமை கொடுத்தது. செய்தியை முன்கேட்கும் உரிமை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எழுதாமலே வழக்கில் இருந்த அவ்வுரிமைக்கு, பழுதான ஒரு குழி இப்போது நடைமுறை வடிவம் கொடுத்திருக்கிறது.

காரண ஆய்வு: ஃபோன் எவ்வாறு கருதுகிறது

தொலைபேசி மாற்றுப்பலகையிற் பெண்கள் இருந்து இணைப்புக் கொடுத்த காலத்துத் தடித்த 6.35 மில்லிமீற்றர் செருகியின் பேரப்பிள்ளையே இன்றைய 3.5 மில்லிமீற்றர் செருகி. கைக்கடக்கமான றேடியோக்களோடு வந்து, 1979இல் சோனி வோக்மனோடு உலகம் சுற்றியது. ஃபோனுக்கு வந்தபோது அதில் நான்கு பகுதிகள்: நுனி இடக்காதுக்கு, முதல் வளையம் வலக்காதுக்கு, இன்று வழக்கிலுள்ள முறைப்படி அடுத்த வளையம் பூமிக்கு, அடிப்பகுதி மைக்குக்கு.

குழிக்குள் இவற்றைத் தொடும் தகடுகளோடு இன்னொரு தகடும் ஒளிந்திருக்கிறது. அது பாட்டுக்கும் பேச்சுக்கும் உதவாது. ஆள் வந்துவிட்டதா என்று அறிவிப்பதே அதன் உத்தியோகம். அத்தகட்டில் ஃபோன் சிறிய மின்னழுத்தம் ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருக்கும். செருகி உள்ளே வந்ததும் அதன் நுனி, காவல் தகட்டையும் இடக்காதுத் தகட்டையும் ஒன்றாகத் தொடும். காவல் தகட்டில் அழுத்தம் விழுந்துவிடும். அழுத்தம் விழுந்தால் ஹெட்செற் உண்டு, விழாவிட்டால் இல்லை. இவ்வளவே ஃபோனின் மெய்யியல்.

தருக்க நூலார் முறையில் வைத்தால்: குழிக்குள் ஹெட்செற் உண்டு (மேற்கோள்), காவல் தகட்டில் அழுத்தம் விழுந்தமையால் (ஏது), நேற்றுப் பாட்டுக் கேட்டபோது போல (எடுத்துக்காட்டு). மலையில் தீ உண்டு, புகை தெரிவதால், அடுக்களை போல என்ற பழைய அனுமானத்துக்கு இது ஒன்றுவிட்ட சகோதரம். பனிமூட்டத்தைப் புகையென்று கொண்டு தீயைக் கருதினால் அது ஏதுப்போலி. புத்தூர் ஃபோனைப் பொறுத்தவரை இது உவமை அல்ல. உள்ளே இருப்பது உண்மையிலேயே ஈரம்தான்.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? தோட்டத்துக்கு இறைப்பு நடக்கும்போது, பம்பு ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறவேண்டும். மண்வெட்டி கையில், ஃபோன் சாரத்து மடியில். மேலே வியர்வை, கீழே தெறிக்கும் தண்ணீர். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிக் கிடப்பது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே தாதுக்கள் ஃபோன் குழிக்குள்ளும் படியும். வியர்வையின் உப்பு அதனோடு சேரும். தூய நீர் மின்னை அரிதாகவே கடத்தும். உப்பு கரைந்த நீர் நன்றாகவே கடத்தும். காய்ந்த பின்பும் உப்புப் படிவு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆகவேதான் மாரியிலும் மார்கழிப் பனியிலும் விடியவே செவிடாயிருந்த ஃபோன் மதிய வெயிலிற் குணமாகி, “பாத்தியே, தட்டினவுடனை சரியாப் போச்சு” என்று தட்டியவருக்குப் புகழ் சேர்க்கிறது. மடியின் தும்பும் செம்மண் தூளும் இந்த ஈரத்தைப் பிடித்துவைக்கும் பஞ்சாக இருந்து உதவுகின்றன.

மேலே சொன்ன துணைக்குறிகளுக்கும் காரணம் இதுவே. ஹெட்செற்றின் பொத்தான்களை ஃபோன் பிரித்தறிவது மின்தடையின் அளவைக் கொண்டுதான். மைக் தகட்டுக்கும் பூமிக்கும் இடையே 70 ஓமுக்கு மேற்படாவிட்டால் அழைப்பை எடு அல்லது வை; 110 முதல் 180 வரை குரல் உதவியாளர்; 210 முதல் 290 வரை ஒலியைக் கூட்டு; 360 முதல் 680 வரை ஒலியைக் குறை என்பது அன்ட்ரொயிட் வகுத்த விதி. காய்ந்துகொண்டிருக்கும் ஒரு துளி வியர்வையின் தடை கணத்துக்குக் கணம் மாறும். அது எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்தக் கட்டளை பிறக்கும். பேய் அமத்துகிறது என்று அஞ்ச வேண்டாம். உப்புத் தண்ணீர் அமத்துகிறது.

ஐபோன் 7 வழியாக 2016இல் அப்பிள் நிறுவனம் இக்குழியையே நீக்கியது. வேறு பலரும் பின்தொடர்ந்தனர். இத்தோடு நோய் ஒழிந்ததென்று எண்ணியோர் ரைப்-சி வாயைக் கவனிக்கவில்லை. அவ்வாயிற் பழைய ஹெட்செற்றைக் கொளுவ உதவும் இணைப்பி வந்திருப்பதை அறிய, இரண்டு தகடுகள் ஏறத்தாழ ஆயிரம் ஓம் தடை வழியாகப் பூமியைத் தொடுகின்றனவா என்று பார்க்கும் வழி ஒன்று வகுக்கப்பட்டிருந்தது. அந்த ஆயிரம் ஓமையும் ஈரமும் துருவும் தரக்கூடும். குழி மாறியது, அனுமானம் மாறவில்லை.

முன்வரலாறு

இந்நோய் புதிதன்று. பழைய றேடியோவின் இயர்ஃபோன் குழியில் வில்லுத் தகடு ஒன்று இருந்தது. செருகி உள்ளே போனதும் அது தள்ளப்பட்டு ஸ்பீக்கரின் இணைப்பு அறும். வெளியே எடுத்ததும் தகடு திரும்பி வந்து ஒட்டும். களிம்பு பிடித்து, அல்லது வில்லுத் தளர்ந்து, தகடு திரும்பாவிட்டால் றேடியோ ஊமை.

1990களில் இதன் கனம் தனி. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவின் தயவில் செய்தி கேட்டார்கள். மூச்சு வாங்கச் சுற்றியும் சத்தம் வராவிட்டால், குற்றம் டைனமோவிலா, நிலையத்திலா, குழியிலா என்ற கேள்வி எழும். அனுபவஸ்தர்கள் செருகியை உள்ளே விட்டு வெளியே இழுத்து, உள்ளே விட்டு வெளியே இழுத்துத் தகட்டின் களிம்பை உரசிப் போக்கினார்கள். தத்துவம் பேசாமற் செய்த அந்த வேலை இன்றைய ஃபோனுக்கும் சில வேளை பலிக்கிறது. வேறுபாடு ஒன்று: றேடியோவின் குழி ஸ்பீக்கரைக் கையாற் பிடித்து நிறுத்தியது, ஃபோனின் குழி செய்தி மட்டும் சொல்கிறது, நிறுத்துவது மென்பொருள். ஆகவேதான் வலிந்து ஸ்பீக்கருக்கு ஒலியைத் திருப்பும் செயலிகள் ஃபோனுக்குச் சாத்தியமாயின. அவை நோயைத் தீர்ப்பதில்லை. ஃபோனின் சொல்லை ஃபோனே கேளாதிருக்கச் செய்கின்றன.

ஐதிகமும் பாடபேதமும்

யார் முதலிற் சொன்னார் என்று தெரியாமல் வழிவழி வருவது ஐதிகம். இந்த ஆலிற் பேய் உண்டு என்பது உரைகாரர் தரும் உதாரணம். துவாரங்கள் பற்றிய ஐதிகத்திற் புத்தூர் மக்களுக்கு நீண்ட பயிற்சி உண்டு. இராமர் வானர சேனையின் தாகம் தீர்க்க அம்பு ஊன்றிய இடம் நிலாவரை. அதற்குள் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும். அப்பேர்ப்பட்ட ஊரில் பதினான்கு மில்லிமீற்றர் ஆழமுள்ள ஒரு குழி பற்றிக் கதை பிறக்காதிருக்குமா?

கிடைத்த பாடங்கள் வருமாறு.

அரிசிப் பாடம்: ஃபோனை அரிசிக்குள் புதைத்து வைத்தல். பச்சையரிசி என்பது ஒரு பாடம்; மொட்டைக்கறுப்பன் என்பது பிறிதொரு பாடம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுதி செய்யும், அவ்வாறு வைக்கவேண்டாம் என்று அப்பிளே 2024இல் அறிவுறுத்தியது. எனினும் அடுக்களைகளில் இப்பாடம் திருத்தப்படாமல் வழங்குகிறது.

வெயிற் பாடம்: முற்றத்துப் பாயிற் காயும் செத்தல் மிளகாயின் ஓரத்திலோ புழுக்கொடியலின் ஓரத்திலோ வைத்தல். ஈரம் போகும், கூடவே பற்றரியின் ஆயுளும் போகும். மிளகாய் ஓரத்திற் காய்ந்த ஃபோனை உடனே காதில் வைத்தவர்கள் வேறொரு குறிப்பும் தருகிறார்கள்.

ஊதற் பாடம்: வாயால் ஊதுதல். மூச்சுக் காற்றில் ஈரம் உண்டென்பதால் இது நோயைக் கொடுத்து நோயைத் தேடும் முறை.

ஊசிப் பாடம்: குத்தூசியால் அல்லது சட்டைப் பின்னாற் குத்துதல். இதனால் தும்பு வெளியே வருவதுமுண்டு. காவல் தகடு நிரந்தரமாக வளைந்து, பொய்யான ஹெட்செற் அழியாத ஹெட்செற் ஆவதுமுண்டு.

இவற்றோடு மற்ற அளவைகளும் வரிசையாக வந்து சேரும். மருமகன் நோர்வேயிலிருந்து சொன்னது உரை. மாமி வீட்டுப் ஃபோனுக்கும் இதே வருத்தம் வந்தது, அது பற்றரி மாத்தத்தான் சரிவந்தது என்பது ஒப்பு. “உது சைனாச் சாமான், அப்பிடித்தான்” என்பது இயல்பு. நேற்றுப் பேரன் கையில் எடுத்த பிறகுதான் இப்படி என்பது கருதல். பேரன் கையில் அகப்பட்ட எல்லாப் பொருளுக்கும் பொருந்துவதால் இக்கருதலை மறுக்க எவராலும் முடிவதில்லை.

இத்தனை பேரும் கூடியிருக்கும் விறாந்தையில், குழிக்குள் ரோச் அடித்துப் பார்த்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அதுவும் காண்டல்தான், பார்த்த இடம்தான் பிழை.

காண்டல்: மருத்துவம்

ஆகவே முறை இது. முதலில் ஒழிபு: புளூடூத்தை நிறுத்தவும். பக்கத்து அறையில் மேசை லாச்சிக்குள் கிடக்கும் புளூடூத் இயர்ஃபோனோடு ஃபோன் களவாக உறவு வைத்திருந்தால் குழியின் மீது பழி போடுவது அநியாயம். ஃபோனை ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போடவும். ஹெட்செற் ஒன்றைக் கொளுவிக் கழற்றிப் பார்க்கவும். மென்பொருள் மறந்துபோனதாயிருந்தால் இவ்வளவில் நினைவு வரும்.

வராவிட்டால் இன்னொரு ஃபோனின் ரோச்சை அடித்து, குழியை நேருக்கு நேர் பார்க்கவும். அடியில் தும்பு தட்டையாய் அமுங்கிக் கிடக்கும். பலமுறை ஹெட்செற் போட்டுப் போட்டு இடித்து இறுக்கியிருப்பீர்கள். ஃபோனை நிறுத்திவிட்டு, பல்லுக்குத்தும் மரக்குச்சியால் தகடுகளைத் தொடாமல் நடுவால் மெல்லக் கிளறி வெளியே எடுக்கவும். பச்சையாகவோ வெள்ளையாகவோ படிவு தெரிந்தால், ஐசோபுரோப்பைல் அற்ககோலை மெல்லிய தூரிகையிற் சிறிது தோய்த்துத் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பிறகு போடவும். ரைப்-சி வாய்க்கும் இதுவே முறை. அதன் நடுவே நிற்கும் நாக்கை வளைத்துவிடாமற் பார்த்துக்கொள்வது கூடுதற் கவனம்.

இதற்கும் மசியாவிட்டால் தகடு வளைந்தோ அரித்தோ போயிருக்கும், கடைக்குத்தான் போகவேண்டும். சில ஃபோன்களில் இக்குழி தனிச் சிறு பலகையில் இருக்கும், மாற்றுவது இலகு. சிலவற்றிற் தாய்ப்பலகையிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருக்கும், அப்போது கூலி ஏறும். எந்த வகை என்று கேட்டுவிட்டுக் கழற்றக் கொடுப்பது நல்லது.

முடிபுகள்

1. ஃபோனுக்கு உள்ளது ஒரேயொரு அளவை, கருதல். குழிக்குள் எட்டிப் பார்க்க அதற்குக் கண் இல்லாததால் அதன் திரிபு மன்னிக்கத்தக்கது.

2. வீட்டாருக்குக் கண்ணும் உண்டு, ரோச்சும் உண்டு. அவர்கள் திரிபுக்கு அந்த மன்னிப்புச் செல்லாது.

3. பாடம் எத்தனை கிடைத்தாலும் ஏட்டைப் பார்க்காமற் பதிப்பிக்கலாகாது. சிறுப்பிட்டியில் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சற்றுத் தள்ளியுள்ள புத்தூரிற் தேவைப்படுகிறது.

4. நோய் தீர்ந்தாலும் நோயால் வந்த பழக்கம் தீர்வதில்லை. குழி துப்புரவாக்கப்பட்டு, அடையாளம் மறைந்து, காதுக்குள்ளேயே தெளிவாகக் கேட்கும் ஃபோனைக் கையில் வாங்கிய ஓர் ஆச்சி, அடுத்த அழைப்பு வந்ததும் ஸ்பீக்கரையே அமத்தினார். இனி அது தேவையில்லை என்று பேத்தி சொன்னதற்கு அவர் தந்த விடை ஆய்வுலகம் கவனிக்க வேண்டியது: “எனக்குக் கேக்கும் பிள்ளை. வேலிக்கங்காலை நிக்கிறவவுக்கும் கேக்க வேணுமெல்லே. பேந்து வந்து முதல்லையிருந்து கேப்பா.”